முகக்கவசத்தைத் துப்புரவு செய்யும் முறை

(விராலிமலையில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சாண் அகலமுள்ள துணியைப் பற்றியது. "சங்க மேடையிலே கல்வியைப்பற்றிப் பேசலாம், தொழிலைப்பற்றிப் பேசலாம், துணி துவைப்பதைப்பற்றியும் ஒரு பிரசங்கம் வேண்டுமோ?" என்று அன்பர் சிலர் புன்னகை செய்யக்கூடும். செய்யட்டும். அங்ஙனம் புன்னகை செய்பவருட் பெரும்பாலார் தம் வேட்டியைத் தாமே துவைத்தறியாதவர் என்பதை மட்டும் சொல்லி மேற்செல்வாம்.

கொரோனா என்னும் தொற்றுநோய்பற்றிய அவசர நிலை முடிவுற்றதென்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி அறிவித்தது. அதன்பின் முகக்கவசம் நம் வீட்டு பீரோவின் அடித்தட்டிற்குப் போயிற்று. போயினும், அதன் உபயோகம் ஒழிந்தபாடில்லை. ஐப்பசி மழையில் வீடெங்கும் சளிக்காய்ச்சல் பரவும்பொழுது பாட்டனாரின் கட்டிலருகே செல்பவர் அதனைத் தேடி எடுக்கின்றனர். காச நோய்க்கு மருந்துண்பவர் இருக்கும் இல்லத்தில் அது நாள்தோறும் வேண்டப்படுகின்றது. கல்லுடைக்கும் பட்டறைக்கும் மாவு ஆலைக்கும் செல்லும் பிள்ளைகள் முகத்திற் கட்டிக்கொள்ளுகின்றனர். இவர்களில் எவரும் நாளைக்கொன்று புதிதாய் வாங்குபவரல்லர். ஒன்றையே பலநாள் அணிகின்றனர். இடையிடையே எப்படியோ கழுவுகின்றனர். அந்த 'எப்படியோ' என்பதிலேதான் சங்கடம் இருக்கின்றது. முகக்கவசங்களுட் சில கழுவாவிடிற் கெடும். சில கழுவினாற் கெடும். இவ்விரண்டனையும் பிரித்தறியாமல் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊறவைக்கும் வழக்கம் நம் வீடுகளிற் பரவியிருக்கின்றது. அதனைத் திருத்துவதே இப்பேச்சின் நோக்கம்.

வாயையும் மூக்கையும் துணியால் மூடுவது நமக்குப் புதிதன்று. எனினும், நோய் தடுக்கும் கருவியாக அதனைப் பெருந்திரளான ஜனங்களுக்குக் கட்டச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஒருவரைப்பற்றிச் சிறிது சொல்லுதல் தகும். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய நம் முன்னோர் பலர் இறங்கிய பினாங்குத் தீவிலே 1879-ஆம் ஆண்டிற் பிறந்த சீன வைத்தியர் வூ லியன்-டே என்பவர் அவர். 1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியா தேசத்தில் நுரையீரற் பிளேக் பரவியபொழுது சீன அரசாங்கத்தார் அவரை ஹார்பின் நகரத்திற்கு அனுப்பினர். எலியும் தெள்ளுப்பூச்சியுமே பிளேக்கிற்குக் காரணமென்று யாவரும் நம்பிய காலம் அது. இந்நோய் இருமலின் வழியே காற்றில் பரவுகின்றதென்று அவர் கண்டு, மெல்லிய கட்டுத்துணியினிடையே பஞ்சை வைத்துத் தைத்த கவசத்தை யாவரும் அணியவேண்டுமென்று விதித்தார். மெஸ்னி என்னும் பிரெஞ்சு வைத்தியர் அதனை மதியாது, கவசமின்றி நோயாளரைப் பார்வையிட்டார். சில தினங்களில் அந்நோயாலேயே மாண்டார். ஏறக்குறைய 60,000 பேர் இறந்தபின், 1911-ஆம் ஆண்டு இளவேனிலில் நோய் அடங்கிற்று. அக்கவசம் கட்டுத்துணியும் பஞ்சும் மட்டுமே. எந்த வீட்டிலும் செய்யக்கூடியது. 1918-ஆம் ஆண்டில் இன்புளுயன்ஸா காய்ச்சல் பம்பாய்த் துறைமுகத்தின் வழியே நம் நாட்டிற் புகுந்து ஒரு கோடிக்கு மேற்பட்டவரைக் கொண்டுபோயிற்று. அப்பொழுது அத்தகைய துணியைக் கட்டிக்கொள்ளும் வழக்கம் நம் கிராமங்களுக்கு எட்டவில்லை.

இனி நம் காலத்துச் செய்திக்கு வருவாம். தமிழ்நாட்டில் முதன்முதல் ஒருவருக்குக் கொரோனா கண்டதென 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் சென்னைச் சர்க்காரின் சுகாதார மந்திரியாக இருந்த டாக்டர் சி. விஜயபாஸ்கர் நம் விராலிமலைத் தொகுதியினின்றே சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பது யாவரும் அறிந்ததே. ஆதலின், அந்நோயைப்பற்றிய செய்திகளை நம்மூரார் சற்றுக் கூடுதலான செவியுடனேயே கேட்டு வந்தனர் எனலாம். கேட்டும், முகக்கவசம் கிடைத்தபாடில்லை. மார்ச்சு 13-ஆம் தேதி இந்திய சர்க்கார் அதனை அத்தியாவசியப் பொருளென அறிவித்தனர். சில நாளில் மூன்றடுக்குக் கவசம் ஒன்று 10 ரூபாய்க்கு மேல் விற்கலாகாதென விலையும் கட்டினர். ஐந்து பேருள்ள குடும்பத்தில் நாளைக்கு ஒன்று வீதம் வாங்கின் 50 ரூபாய். வேலை நின்றுபோன அந்த மாதங்களில் 50 ரூபாயை முகத்தில் கட்டி எறிய எந்தக் குடும்பத்தால் இயலும்?

இந்நிலையில், இந்திய சர்க்காரின் தலைமை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் மார்ச்சு மாதக் கடைசியில் ஒரு கைந்நூல் வெளியிட்டது. வீட்டிலேயே பருத்தித் துணியாற் கவசம் தைத்து, கழுவிக் கழுவி அணிந்துகொள்ளும் முறையை அது விவரித்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் தமிழ்நாட்டுச் சர்க்காரும் ரேஷன் கடைகளின் மூலம் ஆளுக்கு இரண்டு வீதம் 13 கோடிக்கு மேற்பட்ட துணிக் கவசங்களை இலவசமாய் வழங்கத் திட்டமிட்டு, வழங்கத் தொடங்கினர். 'ஏன் இரண்டு?' என்று அப்பொழுது பலர் கேட்டனர். ஒன்று முகத்திலும் ஒன்று கொடியிலும் இருக்கவேண்டும் என்பதே விடை. ஒன்று மட்டும் உடையவன் அதனை ஈரத்தோடு அணிவான். அல்லது கழுவாமல் அணிவான்.

துணிக் கவசத்தைக் கழுவும் முறையை இப்பொழுது கூறுவாம். அதனைக் கழற்றும்பொழுது முன்பக்கத்தைத் தொடாமல், பின்னாலுள்ள நாடாவைப் பற்றிக் கழற்றி, நேரே சோப்பு நீரில் இடவேண்டும். மேஜைமேல் வைப்பதும் ஆணியில் மாட்டுவதும் கூடா. கைந்நூலிற் கண்டபடி, சோப்பும் வெந்நீரும் கொண்டு நன்றாகத் துவைத்துக் கடும் வெயிலில் 5 மணிநேரம் காயவிடலாம். வெயில் இல்லாத நாளில் பிரஷர் குக்கரில் நீரிலிட்டு 10 நிமிஷம் ஆவியில் வேகவைக்கலாம். அந்நீரிற் சிறிது உப்பிடுவது நலம் என்றும் அந்நூல் கூறும். குக்கர் இல்லாதவர் திறந்த பாத்திரத்தில் 15 நிமிஷம் கொதிக்கவைக்கலாம். அல்லது சோப்பிட்டு அலசியபின் 5 நிமிஷம் வரையில் இஸ்திரிப் பெட்டியாற் சூடு காட்டலாம். உலகச் சுகாதார நிறுவனத்தார் நாள்தோறும் ஒரு முறையேனும் சோப்பும் 60 பாகைச் சூடுள்ள நீரும் கொண்டு துவைக்கச் சொல்லினர். வெந்நீர் இல்லையேல் சாதாரண நீரிற் சோப்பிட்டுத் துவைத்து, பின் ஒரு நிமிஷம் கொதிக்கவிட்டாலும் போதும் என்பது அவர்கள் கருத்து. இவற்றுள் எது சிறந்தது என்று வாதிட வேண்டுவதில்லை. விராலிமலையிலே சித்திரை வைகாசியில் 5 மணிநேர வெயில் கேட்காமலே கிடைக்கும். கார்த்திகையில் அடுப்பை நாட வேண்டியதுதான்.

சோப்பு என்ன செய்கின்றது என்பதை அறிந்துகொண்டால் இம்முறைகளில் நம்பிக்கை பிறக்கும். கொரோனாக் கிருமியும் இன்புளுயன்ஸாக் கிருமியும் கொழுப்பாலாகிய மெல்லிய உறையொன்றைப் போர்த்திருக்கின்றன. எண்ணெய்ச் சட்டியிற் பற்றிய பிசுக்கைச் சோப்பு எங்ஙனம் பிரித்தெடுக்கின்றதோ, அங்ஙனமே அவ்வுறையையும் பிரித்துவிடுகின்றது. உறை போனபின் கிருமி செயலற்றது. சோப்பின் விலை இதற்கு முக்கியமன்று; துணி சோப்பு நீரிற் கிடக்கும் நேரமும், கையாற் கசக்குவதுமே முக்கியம். 'கிருமிநாசினி' என்று புட்டியின்மேல் எழுதி அதிக விலைக்கு விற்பவற்றை இதற்காக வாங்க வேண்டுவதில்லை.

வேகவைத்துத் துப்புரவு செய்யும் கலையை நாம் எந்தத் தேசத்தாரிடமும் கற்கவில்லை. நம்மூர்களில் சலவைத் தொழில் செய்த பெருமக்கள் உவர்மண்ணில் தோய்த்த துணிகளைப் பானையின்மேல் அடுக்கி, அடியில் நெருப்பிட்டு, இரவு முழுவதும் ஆவியில் வைத்தனரன்றோ? வெள்ளாவி என்பது அதுவே. பேறுகால வீட்டுத் துணியையும் அம்மை கண்ட வீட்டுத் துணியையும் ஊரார் தொட அஞ்சியபொழுது, அவற்றை எடுத்துச் சென்று ஆவியிலிட்டுக் கொணர்ந்து தந்தவர் அவர்களே. அவ்வுழைப்பினால் எத்தனை நோய்கள் தடைப்பட்டன என்று எவரும் கணக்கெழுதி வைக்கவில்லை. அவர்களுக்கு ஊர் கொடுத்த மரியாதையோ, சொல்லாமல் விடுவதே நலம்.

இதுவரை கூறியவை யாவும் பருத்தித் துணிக்கு உரியன. இனிக் கூறுவதைச் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டுகின்றோம். பெரும்பாலோர் தவறுவது இவ்விடத்திலேதான்.

மருந்துக் கடையில் நீல நிறமாய் விற்கும் மூன்றடுக்குக் கவசமும், கிண்ணம்போற் குவிந்து இறுக்கமாயிருக்கும் என்-95 என்னும் கவசமும் நூலால் நெய்த துணியல்ல. பாலிபுரோப்பிலீன் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக்கை உருக்கி, சூடான காற்றால் ஊதி, சிலந்தி வலையினும் நுண்ணிய இழைகளாக்கிப் படியச் செய்கின்றனர். அவ்விழைகளுக்கு மின்னேற்றமும் ஊட்டுகின்றனர். உலர்ந்த தலையை வாரிய சீப்பு சிறு காகிதத் துண்டுகளைத் தன்பால் இழுப்பதைக் குழந்தைகளும் பார்த்திருப்பார்கள். அதுபோலவே மின்னேறிய இழை, மூச்சோடு வரும் நுண்துகளை இழுத்துப் பற்றிக்கொள்ளுகின்றது. துகள் புகமுடியாதபடி சந்துகளை அடைத்துத் தடுப்பின் மூச்சுவிடவும் இயலாது. மூச்சும் போகவேண்டும், துகளும் நிற்கவேண்டும் என்னும் இரண்டையும் இம்மின்னேற்றமே ஒருங்கு முடிக்கின்றது. என்-95 என்பதிலுள்ள 95, பிடிப்பதற்கு மிக அரிய அளவுள்ள துகள்களிலும் நூற்றுக்கு 95-க்குக் குறையாமற் பிடிக்கும் என்பதைக் குறிக்கும். இவ்விழைகளுக்கு மின்னேற்றும் முறையில் முதன்மையாக உழைத்தவர் தைவான் தீவிற் பிறந்து அமெரிக்காவில் டென்னஸி சர்வகலாசாலையிற் பணியாற்றிய பீட்டர் சாய் என்னும் அறிஞர். ஓய்வு பெற்றிருந்த அவர், 2020-ஆம் ஆண்டில் இக்கவசங்களை மீண்டும் பயன்படுத்துவது எப்படி என்று உலகத்தார் பலரும் வினவியபொழுது, ஓய்வை விடுத்துத் திரும்பவும் ஆராய்ச்சியில் இறங்கினார்.

இத்தகைய கவசத்தைச் சோப்பு நீரிலிட்டால் என்னாகும்? பார்வைக்கு ஒன்றும் ஆகாது. வெண்மையாகவும் மணமாகவும், முன்னையினும் அழகாகவும்கூட இருக்கும். உள்ளேயிருந்த மின்னேற்றமோ போயிருக்கும். சானிடைசர் என்னும் சாராயத் திரவத்தைத் தெளித்தாலும் அஃதே. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரிலிட்டாலும் அஃதே. குக்கரில் வேகவைத்தால் உருக்குலையும். இஸ்திரிப் பெட்டியை வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். கிழிந்த குடையைப் பிடித்தவன் நனைந்தவுடனே குடை கிழிந்ததென்று அறிவான். மின்னேற்றம் இழந்த கவசத்தை அணிந்தவனுக்கு அங்ஙனம் அறிவதற்கு வழியில்லை. தான் காக்கப்பட்டிருப்பதாக எண்ணி நோயாளியின் அருகே துணிந்து அமர்கின்றான். சுத்தமாக இருக்கவேண்டும் என்னும் நல்லெண்ணமே கேடாய் முடிவதற்கு இதனினும் தெளிவான உதாரணம் யாம் கண்டதில்லை.

அங்ஙனமாயின் இக்கவசத்தை ஒருமுறை அணிந்து எறிந்துவிட வேண்டுமோ? நீல நிறக் கவசத்தை எறிந்துவிடுவதே முறை. அதன் விலையும் இப்பொழுது குறைவே. என்-95 கவசத்திற்கு வேறொரு வழியுண்டு. அதற்கு நீரும் வேண்டா, நெருப்பும் வேண்டா, நாட்கள் மட்டுமே வேண்டும். கவசம் கிடைக்காத காலத்தில் அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையத்தார் வைத்தியசாலை ஊழியர்க்குக் கூறியது யாதெனில், ஐந்து கவசங்களை வைத்துக்கொண்டு, நாளைக்கு ஒன்றாக அணிந்து, கழற்றியதைக் காற்றுப் புகும் காகிதப் பையில் இட்டுவைக்க வேண்டும் என்பது. முதற் கவசத்தின் முறை மீண்டும் வரும்போது ஐந்து நாள் சென்றிருக்கும். அதற்குள் அதன் மேலிருந்த கிருமிகள் தாமே உலர்ந்து செயலற்றுப்போகும். நம் வீட்டில் காகிதப் பைகளின்மேல் திங்கள், செவ்வாய் என்று கிழமையை எழுதிவைத்தாற் போதும். பிளாஸ்டிக் பை ஆகாது. மூச்சின் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். வைத்தியசாலைகளில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஆவியாலும் புறவூதாக் கதிராலும் இக்கவசங்களைத் துப்புரவு செய்தனர் என்பது மெய்யே. அவற்றிற்குரிய இயந்திரங்களும் அளவுகளும் வேறு. வீட்டில் அவற்றைப் பின்பற்ற முயல வேண்டா.

நாட்கணக்கு எதற்கு என்று ஐயுறுவார்க்கு ஒரு செய்தி. 2020-ஆம் ஆண்டில் ஹாங்காங் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் சிலர், கொரோனாக் கிருமி எப்பொருளின்மேல் எத்தனை நாள் உயிர்த்திருக்கின்றது என்று சோதித்தனர். இலங்கையிற் பிறந்த மாலிக் பெய்ரிஸ் என்னும் அறிஞரும் அவருள் ஒருவர். துணியின்மேல் இரண்டாம் நாளிற் கிருமி காணப்படவில்லை. மூன்றடுக்குக் கவசத்தின் வெளிப்புறத்திலோ ஏழாம் நாளிலும் சிறிதளவு எஞ்சியிருந்தது. திரவத்திலிட்டு 70 பாகை வெப்பத்தில் வைத்தபொழுது 5 நிமிஷத்தில் அழிந்தொழிந்தது. சோதனைச் சாலையில் அவர்கள் இட்ட கிருமியின் அளவு மிகப் பெரிது. நம் வீட்டுக் கவசத்தில் அத்தனை இராது. ஆதலின் அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. எனினும், கவசத்தின் வெளிப்புறத்தைக் கையால் தடவிக்கொண்டே பேசும் அன்பர்கள் இதனைச் சிறிது நினைவிற் கொள்வார்களாக.

மற்றொரு விஷயம் உண்டு. கவசத்தைக் கழுவுவது எப்படி என்று இவ்வளவு பேசினோம். கழுவுவது யார் என்று பேசவில்லை. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் வைத்தியசாலைகளில் இடமின்றி, ஆயிரக்கணக்கானோர் தத்தம் வீட்டு அறைகளிலேயே கிடந்தனர். அந்நாட்களில் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் நடந்தது இதுதான். நோயாளியின் கவசம், மாமனாரின் கவசம், கணவனின் கவசம், பிள்ளைகளின் கவசம் ஆகிய எல்லாம் மாலையில் ஒரு வாளியில் வந்து விழும். வீட்டுப் பெண்மணி ஒருத்தி அவற்றைக் கையாற் கசக்கித் துவைப்பாள். அவள் முகத்தில் இருப்பதோ பழைய சேலைத் தலைப்பு. குடும்பத்திலுள்ளார் அனைவரின் மூச்சையும் தாங்கிய துணிகள் ஒருவர் கைக்கே வருகின்றன என்றால், நோய் அவ்வீட்டில் முதலில் யாரைத் தேடும்?

ஆகவே நம் சங்கத்து இல்லங்கள்தோறும் ஒரு விதியை ஏற்படுத்திக்கொள்ள வேண்டுமென்பது எமது கருத்து. அவரவர் கவசத்தை அவரவரே சோப்பு நீரில் இடவேண்டும். அவரவரே கசக்கி அலசவேண்டும். பத்து வயதுப் பையனும் இதனைச் செய்யலாம். பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும் தகப்பனாரும் செய்யலாம். நோயாளி எழுந்து நடமாடக்கூடியவராயின், தம் அறையிலேயே ஒரு சிறு பாத்திரத்தில் சோப்பு நீர் வைத்துக்கொண்டு அதில் தம் கவசத்தை இடுக. அரைமணி கழித்து அப்பாத்திரத்தை அப்படியே அடுப்பிலேற்றிக் கொதிக்கவிடலாம். பிறர் கை அத்துணியில் படவேண்டுவதே இல்லை. துவைத்தபின் கையைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும் என்பதை வற்புறுத்திக் கூற வேண்டுவதில்லை. நோயாளிக்கு அருகிருந்து பணிசெய்பவர்க்கே வீட்டிலுள்ள நல்ல கவசம் உரியது. வெளியே செல்லும் ஆண்மகனுக்கு என்-95, உள்ளே நோயாளியோடு இருப்பவளுக்குக் கந்தல் என்று பங்கிடுவது பல வீடுகளில் நாம் காணும் வழக்கம். அது தலைகீழான பங்கீடு.

அக்காலத்து நிகழ்ந்த வேறு சில தவறுகளையும் சுருக்கிக் கூறுவாம். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவும் ஆசிட்டையும் சேர்த்தால் வீரியம் கூடும் என்று சிலர் கலந்தனர். கலந்தவுடன் எழும் குளோரின் வாயு நுரையீரலைச் சுடும். எக்காலத்தும் அவ்விரண்டையும் ஒன்று சேர்க்கலாகாது. துணிக் கவசத்தை மிகவும் நீர்த்த குளோரின் நீரில் இட்டு அலசலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறியதுண்டு; எனினும் கடையில் வாங்கும் பவுடரின் வீரியம் நமக்குத் தெரியாதாகையால், சோப்பிருக்க அதனை நாடுவது வீண். வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரில் நனைத்து அணிந்தவரும் உண்டு. அவற்றின்மேல் நமக்குள்ள அன்பு தொன்றுதொட்டு வந்தது. துவைத்த துணிக்கு மஞ்சள் நீரூட்டுவதை யாம் தடுக்கவில்லை. சோப்பிற்குப் பதிலாக அது நில்லாது.

ஈரக் கவசத்தைப்பற்றியும் ஒரு சொல். 2021-இல் கறுப்புப் பூஞ்சை நோய் பரவியபொழுது, நனைந்த கவசமே அதற்குக் காரணமென்று ஊரெங்கும் பேசினர். வைத்தியர்கள் தலைமையாகக் கூறிய காரணங்கள் அடங்காத நீரிழிவும், ஸ்டீராய்டு மருந்தின் மிகுதியுமே. எனினும் ஈரமான கவசம் தீதே. மூச்சு தடைப்படும், தோல் அரிக்கும், நாறும். காலையில் அணிந்தது வியர்வையால் நனைந்துபோனால் நடுப்பகலில் மாற்றிக்கொள்ள இன்னொன்று பையில் இருக்கவேண்டும். நனைந்ததைச் சட்டைப்பையில் திணிக்காமல் தனியே ஓர் உறையில் இடவேண்டும்.

காச நோய் உள்ள இல்லத்தார்க்குச் சிறப்பாகச் சில வார்த்தைகள். உலகத்துக் காச நோயாளருள் ஏறக்குறைய நாலில் ஒருவர் நம் நாட்டில் இருக்கின்றனர். இதனை மறைத்து வைப்பது நம்மவரிடையே இன்னும் போகவில்லை; பெண்பிள்ளைக்கு வரன் தேடும் வீடுகளில் அது மிகவும் அதிகம். மறைப்பதால் நோயாளி முகக்கவசம் அணியவும் அஞ்சுகின்றார். அணிந்தால் அயலார் ஐயுறுவரே என்பது அவர் கவலை. கொரோனாவினால் விளைந்த நன்மை ஒன்றுண்டாயின், கவசம் அணிந்தவனை இப்பொழுது எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்பதே. காசக் கிருமி இருமும்பொழுதும் பேசும்பொழுதும் காற்றில் மிதந்து பிறரை அடைகின்றது. ஆதலின் நோயாளி துணிக் கவசமோ நீலக் கவசமோ அணிந்து, தம் மூச்சைத் தம்மிடத்தே நிறுத்தவேண்டும். அருகிருப்பவர் பிறர் மூச்சைத் தடுக்க என்-95 அணியவேண்டும். இவ்வேறுபாட்டை மறவாதிருக்க. ஜன்னல்களைத் திறந்து வைப்பது எக்கவசத்திற்கும் குறைந்ததன்று. சர்க்கார் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இந்நோய்க்கு மருந்து இலவசமாகக் கிடைக்கின்றது. தக்க மருந்தை விடாது உண்டால் சில வாரங்களிலேயே பிறர்க்குப் பரவும் அபாயம் பெரிதும் குறையும். ஆயினும் வழக்கமாய் ஆறு மாதமாகும் அம்மருந்தை வைத்தியர் நிறுத்தச் சொல்லும் வரையில் நிறுத்தலாகாது.

நம் புதுக்கோட்டைச் சீமை கல்லுக்குப் பேர்போனது. குடுமியான்மலையும் சித்தன்னவாசலும் கல்லால் பெருமை பெற்றன. அக்கல்லே இன்று நம் பிள்ளைகளுக்குக் கூலியும் தருகின்றது. கல்லுடைக்கும்பொழுது எழும் தூளின் நுண்ணிய பகுதி கண்ணுக்குப் புலப்படாது. அது நுரையீரலிற் படிந்து தழும்பாக்கும். சிலிகோசிஸ் என்னும் அந்நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. காச நோய்க்கும் அது வாசல் திறந்துவிடும். இத்தூளைத் துண்டும் துணிக் கவசமும் தடுக்கமாட்டா. என்-95 தடுக்கும், அதுவும் முகத்தோடு பொருந்தியிருந்தால் மட்டுமே. தாடி வளர்த்த முகத்தில் அது பொருந்தாது. தூளேறிய கவசத்தை மாலையில் வீட்டுப் பெண்கள் பரிதாபப்பட்டுத் தண்ணீரில் அலசிக் காயவைத்துக் கொடுக்கின்றனர். அப்பரிவு தீங்காய் முடிகின்றது. மூச்சிழுக்கக் கடினமானால் அதனை எறிந்து வேறொன்று கொள்ளவேண்டும். அவ்விலையைத் தொழிலாளி தலையிற் சுமத்தாது, பட்டறை உடையவர் தருவதே நியாயம். நம் சங்கத்திலும் பட்டறை உடையவர் இருப்பாராயின், இதனைத் தமக்கே கூறியதாகக் கொள்வாராக. கல்லின்மேல் நீர் தெளித்து உடைப்பின் தூள் எழுவதே குறையும். அதற்கு ஆகும் செலவு தண்ணீர்தான்.

உங்களுட் சிலர் சீட்டில் எழுதித் தந்த வினாக்கள் எம் கையில் இருக்கின்றன. நேரம் குறைவாகையால் விரைந்து விடை கூறுவாம்.

துணிக் கவசம் எத்தனை முறை துவைக்கலாம் என்பது ஒன்று. எண்ணிக்கை முக்கியமன்று. வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழை விட்டுத் துணியின் ஊடே வெளிச்சம் தாராளமாய்த் தெரிந்தாலும், கட்டினால் கன்னத்தோடு பொருந்தாமல் தொங்கினாலும், அது அடுப்படிக் கைப்பிடித் துணியாகட்டும். காதில் மாட்டும் ரப்பர் நாடா கொதிநீரில் விரைவில் தளர்ந்துபோகும். துணி நாடா வைத்துத் தலைக்குப் பின்னாற் கட்டுவது நீடித்து உழைக்கும்.

குழந்தைகளுக்குக் கட்டலாமா என்பது மற்றொன்று. இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைக்குக் கட்டவே கூடாது. மூச்சடைத்தாலும் அதற்கு எடுக்கத் தெரியாது. ஐந்து வயதிற்குட்பட்டவரையும் வற்புறுத்த வேண்டுவதில்லை.

மூச்சு விடும் சிறு வால்வு பொருத்திய என்-95 நல்லதா என்று ஒருவர் கேட்டிருக்கின்றார். கல்தூளுக்கு நல்லது. நோய்க்கு ஆகாது, அணிந்தவர் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் அதன் வழியே வெளிவந்துவிடும். இந்திய சர்க்காரின் சுகாதாரத் துறையே 2020-ஆம் ஆண்டு ஜூலையில் இதனைப் பற்றி மாகாணங்களுக்கு எச்சரிக்கை எழுதியது.

கழித்த கவசத்தை எங்கே போடுவது என்பது கடைசி வினா. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தார் கூறியபடி, காகிதப் பையில் 72 மணிநேரம் வைத்து, பிறர் எடுத்து அணியாவண்ணம் கத்தரித்து, அதன்பின் குப்பையிற் சேர்க்கலாம். நாடாவை மறவாது அறுத்துவிடவேண்டும். நம் மலையடிவாரத்தில் மயிலும் குரங்கும் வீதியில் திரிவதை நாள்தோறும் காண்கின்றோம். அறுக்காத வளையம் மயிலின் காலிற் சுற்றிக்கொள்ளும். குரங்குக் குட்டியின் கழுத்திலும் மாட்டும். மலைப்படியில் கவசத்தை எறிந்து செல்பவர் வெளியூர் யாத்திரிகர் மட்டுமல்லர்.

இக்கூட்டம் கலைந்தபின் வெளித் திண்ணையில் தையல் அறிந்த சகோதரிகள் சிலர் அமர்ந்திருப்பார்கள். பெரியவர்க்கு 9 அங்குல நீளமும் 7 அங்குல அகலமும், சிறுவர்க்கு 7 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் உள்ளதாகச் சர்க்கார் கைந்நூலிற் கண்ட அளவின்படி துணி வெட்டி வைத்திருக்கின்றனர். பழைய பருத்தி வேட்டி கொண்டுவந்தவர்கள் அதனை முதலில் 5 நிமிஷம் கொதிநீரில் இட்டு உலர்த்தியபின்னரே வெட்டவேண்டும் என்பதை அவர்களிடம் கேட்டறிக. ஆண்மக்களும் வந்து மடிப்பு வைக்கக் கற்றுக்கொள்ளலாம். ஊசி போதுமான அளவு இருக்கின்றது.